‘செவ்வியல் கல்வி’க்கு ஆண்டுக்குப் பதினான்காயிரம்: கொடுக்கலாமா?

பாலக்கோட்டுத் தாய்

எங்கள் மகள் வரும் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குச் செல்கிறாள். தருமபுரிக்கு அருகில் உள்ள ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்க்கலாம் என்று விசாரித்தோம். அவர்கள் கொடுத்த கட்டணத் தாளில் கல்விக் கட்டணம், வாகனக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே ‘பாரம்பரியச் செவ்வியல் கல்வித் திட்டம்’ என்ற பெயரில் ஆண்டுக்கு 14,000 ரூபாய் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. திருக்குறள் ஒப்பித்தல், சுலோகம், வேதக் கணிதம், யோகா, கர்நாடக இசை ஆகியவை வாரத்துக்கு மூன்று பாடவேளைகளில் நடத்தப்படும் என்றார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாமா என்று கேட்டதற்கு, “எல்லாப் பிள்ளைகளும் சேர்கிறார்கள் அம்மா” என்று மட்டும் பதில் வந்தது.

என் கணவர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். இந்தத் தொகை எங்களுக்குச் சிறியதன்று. ஆனாலும் மகளுக்குப் பழைய இலக்கியமும் பாட்டும் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் படித்த காலத்தில் அது வாய்க்கவில்லை. இந்தப் பணத்தைக் கொடுப்பது தகுமா, இதே கல்வி வேறு வழியில் கிடைக்குமா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

கிருஷ்ணகிரி மரபு ஆர்வலர்

அம்மா, கட்டணத் தாளில் செவ்வியல் கல்வி என்று அச்சடிப்பதே மரபுக்கு மாறானது. நம் மரபில் கல்வி ஒருபோதும் விற்கப்படவில்லை. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதையும், மாணவர்களுக்கே நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது என்பதையும் அது கூறுகிறது. மாணவனிடம் பணம் வாங்காததோடு நிற்காமல் அவனுக்குப் படியளந்தும் படிக்க வைத்த நாடு இது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம்மிடம் வந்த மாணவர்களுக்குப் பாடத்தோடு உணவுக்கும் வழி செய்தார் என்பதை உ.வே.சாமிநாதையரே எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு மரபைப் பதினான்காயிரம் ரூபாய்க்கு விற்க இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அரூர் தமிழாசிரியர் (ஓய்வு)

நண்பரின் சினம் எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘ஒருபோதும் விற்கப்படவில்லை’ என்ற தொடரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்கு நூலைக் கற்பிக்கலாம் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு பட்டியல் தருகிறது: தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையவன். ‘பொருள்நனி கொடுப்போன்’ என்று பவணந்தி முனிவர் எந்தக் கூச்சமும் இல்லாமல்தான் சொல்கிறார். அதற்கும் முன்னால், புறநானூற்றின் 183-ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியருக்கு உற்ற இடத்தில் உதவியும் மிகுந்த பொருளைக் கொடுத்தும் கற்பது நல்லது என்கிறான். அரசனாகிய அவனே கல்விக்குப் பொருள் கொடுக்க வேண்டும் என்று பாடியிருக்கும்போது, பாலக்கோட்டில் உள்ள ஒரு பெற்றோர் பணம் கொடுப்பதை மரபுக்கு மாறு என்று எப்படிச் சொல்வது?

எண்ணாயிரம் உண்மைதான். ஆனால் அது பேரரசன் நிவந்தம் (அறக்கொடை) விட்ட வேதபாடசாலை. யார் வேண்டுமானாலும் சென்று அமரக்கூடிய இடமாக அது இருந்ததில்லை. நம் ஊர்ப்புறங்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். அவை கட்டணத்தில்தான் நடந்தன. என் பாட்டனார் படித்த திண்ணையில், அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாத்தியாருக்குக் கேழ்வரகு அளந்தார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் கழிகளோடு வீடுவீடாகப் பாடிச் சென்று சேர்த்த காசும் அவருக்கே சேரும்.

நம் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சான்றும் இருக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து நம் பகுதியாகிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்த பிறகு, கேப்டன் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் தங்கி நிலவரி அளவீடு செய்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அவர், 1822-இல் மாகாணம் முழுவதும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச் மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில், ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என்ற கணக்கு உள்ளது. மாணவர்கள் மாதம் நான்கு அணாவிலிருந்து எட்டு அணா வரை கொடுத்தார்கள் என்றும், ஆசிரியர்களின் மாத வருவாய் பொதுவாக ஆறு ஏழு ரூபாயைத் தாண்டுவதில்லை என்றும், தகுதி உள்ளவர்கள் இத்தொழிலுக்கு வர அந்த வருவாய் போதாது என்றும் அதே குறிப்பில் எழுதியிருக்கிறார். வட்டந்தோறும் தொடங்க அவர் திட்டமிட்ட தாசில் பள்ளிகளின் ஆசிரியருக்கு அரசு மாதம் ஒன்பது ரூபாய் கொடுத்தால், அதே அளவாவது மாணவர்களிடமிருந்தும் அவருக்குக் கிடைக்கும் என்பது மன்றோ போட்ட கணக்கு.

ஆகவே, பணம் வாங்கலாமா கூடாதா என்பதில் எனக்கு ஐயமில்லை, தாராளமாக வாங்கலாம். அந்தப் பணம் ஆசிரியரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் கேட்க வேண்டும். நெடுஞ்செழியன் சொன்ன பொருளும் திண்ணையில் அளந்த கேழ்வரகும் நேராக ஆசிரியரிடம்தான் சென்றன. இடையில் வேறு யாரும் இருக்கவில்லை.

காவேரிப்பட்டினத்தார்

மரபை ஆராய்வதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயம் மூன்று கல்வி ஆண்டுகளுக்குச் செல்லும். நீதிபதி கோவிந்தராஜன் தலைமையில் முதல் குழு 2010-இல் கட்டணங்களை அறிவித்தபோது மாநிலம் முழுவதும் எழுந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். அச்சட்டத்தில் கட்டணம் என்பது எந்தப் பெயரில், நேராகவோ மறைமுகமாகவோ வாங்கப்பட்டாலும் கட்டணமே. எனவே ‘செவ்வியல்’ என்று பெயர் சூட்டிவிட்டதால் மட்டும் அந்தப் பதினான்காயிரம் கணக்குக்கு வெளியே போய்விடாது.

அம்மா செய்ய வேண்டிய வேலை எளிது. குழு அப்பள்ளிக்கு நிர்ணயித்த ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புக்கு அதில் உள்ள தொகையையும் இவர்கள் கேட்கும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதைக் கட்டினாலும் பள்ளியின் பெயர் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவர் இருக்கிறார். புகார் இருந்தால் அவரிடம் எழுத்து வடிவில் கொடுக்கலாம், சென்னையில் உள்ள குழுவுக்கும் அனுப்பலாம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அவை நுழைவு வகுப்பில்தான் நிரப்பப்படுகின்றன. ஆறாம் வகுப்புக்கு அந்த வாசல் இல்லை.

பெயர் வேண்டாத ஆசிரியை, ஊத்தங்கரைப் பக்கம்

அரூர் ஐயாவின் கேள்விக்கு உள்ளிருந்து ஒரு பதில் சொல்கிறேன். நான் தனியார் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். எங்கள் பள்ளியிலும் இதே போன்ற திட்டம் வேறொரு பெயரில் நடக்கிறது. அதற்கென்று இரண்டு பகுதிநேர ஆசிரியர்கள் வருகிறார்கள். ஒருவர் பாட்டு, யோகா இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். மற்றவர் சுலோகமும் குறளும். ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய். என் சம்பளமும் அதைவிடப் பெரிதாக மாறுபட்டதன்று.

பாலக்கோட்டு அக்கா சொன்ன தொகையை எங்கள் பள்ளி அமைப்பில் பொருத்திப் பார்த்தேன். ஒரு பிரிவுக்கு முப்பது பிள்ளைகள், ஆறு பிரிவுகள் என்றால் ஆண்டுக்கு 25,20,000 ரூபாய் சேர்கிறது. இரண்டு ஆசிரியர்களின் ஆண்டுச் சம்பளம் 2,88,000 ரூபாய். ஒன்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மீதி கட்டடத்துக்கா, விளம்பரப் பலகைக்கா, வங்கிக் கடனுக்கா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. நிருவாகத்துக்கும் செலவுகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கிராமத்துப் பெற்றோர் பலர் ஆண்டு இறுதி வரை கட்டணம் பாக்கி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ‘ஆசிரியருக்குக் கொடுக்கிறோம்’ என்று நினைத்துக்கொண்டு யாரும் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா டிசம்பரில் வரும் என்றால், அக்டோபரிலிருந்து எல்லாப் பாடவேளைகளும் அதற்கான ஒத்திகைக்குப் போய்விடும். ‘கல்வி’ அதிகாரத்தின் பத்துக் குறள்களை அறுபது குழந்தைகள் ஒரே குரலில், ஒரே கையசைவோடு ஒப்பிப்பார்கள். கேட்கும் பெற்றோருக்குக் கண்கலங்கும். மறுநாள் அவர்களில் ஒருத்தியைத் தனியாக அழைத்து மூன்றாவது குறளின் பொருளைக் கேட்டேன். முதல் குறளிலிருந்து தொடங்கினால்தான் மூன்றாவது வரும் என்றாள். பொருள் நடத்தவில்லை என்றாள்.

கிருஷ்ணகிரி மரபு ஆர்வலர்

மனப்பாடத்தை அவ்வளவு எளிதாகக் குறை கூற வேண்டாம் அம்மணி. திண்ணையிலும் முதலில் மனப்பாடம்தானே செய்தார்கள்? ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, பிறகு சதகங்கள், அந்தாதிகள், நிகண்டு என்று எல்லாம் வாய்ப்பாடமாகவே ஏறின. பொருள் பின்னால் வரும் என்று விட்டார்கள். பொருள் தெரிந்த பிறகுதான் மனப்பாடம் என்று தொடங்கியிருந்தால் ஒரு நிகண்டாவது நம் கைக்கு வந்து சேர்ந்திருக்குமா?

அரூர் தமிழாசிரியர் (ஓய்வு)

மனப்பாடம் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைப் பார்க்க வேண்டும். திண்ணைப் பிள்ளை எண்சுவடி என்ற கணக்கு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தான். அதில் முந்திரி, காணி, மாகாணி, மா என்று கீழ்வாய் இலக்கங்கள், அதாவது பின்னங்கள், இருந்தன. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. மாகாணி பதினாறில் ஒரு பங்கு. மா இருபதில் ஒரு பங்கு. குழிமாற்று என்ற பகுதியைக் கொண்டு நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிப் பரப்புச் சொன்னான். அன்று மாலையே அப்பன் நெல் அளக்கும் இடத்தில் அவன் கற்றது சோதிக்கப்பட்டது. மனப்பாடம் அங்கே கையில் பிடித்த கருவியாக இருந்தது.

இப்போது பள்ளிகள் விற்கும் ‘வேதக் கணிதம்’ 1965-இல் அச்சான ஒரு நூலிலிருந்து வந்தது. எழுதியவர் பூரி மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர். அதில் உள்ள சூத்திரங்களை எந்த வேத நூலிலும் காட்ட முடியவில்லை என்று கணித வரலாறு எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விரைவாகப் பெருக்க உதவும் சில உத்திகள் அதில் உண்டு. அவற்றைக் கற்பதில் தீங்கில்லை. ஆனால் நம் ஊர்ப் பாட்டிகள் சிலர் வாயில் இன்றும் புழங்கும் மாகாணியையும் அதன் மறுபெயரான வீசத்தையும் தள்ளிவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் நூல் ஒன்றைப் பாரம்பரியம் என்று பணம் வாங்கிக் கற்பிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நன்னூல் கற்கும் முறையையும் சொல்கிறது, அதையும் பாருங்கள். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை பெரும்பாலும் நீங்கும். மும்முறை கேட்டால் முறையாக எடுத்துரைக்கலாம். ஆசிரியர் சொன்னதை முழுதும் உள்வாங்கினாலும் அது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை வரும். அறுபது பேர் ஒரே குரலில் ஒப்பிக்கும் மேடையில் இந்த முக்கால் பங்குக்கு இடமே இல்லை.

மத்தூர் பழைய மாணவன்

மனப்பாடத்தின் இன்னொரு முகத்தை நான் அனுபவித்தவன். நம் இரு மாவட்டங்களிலும் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் மாநிலத் தரவரிசைக்காகப் போட்டியிட்ட காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கண்ணால்கூடக் காட்டாமல், பன்னிரண்டாம் வகுப்பு நூல்களையே இரண்டு ஆண்டுகள் அரைத்தார்கள். வேதியியல் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த வரி வரும் என்று சொல்வேன். பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்தில் கணிதம் என்னைக் கவிழ்த்தது. தரவரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை 2017-இல் அரசு நிறுத்தியதும், அதே கல்வி ஆண்டிலிருந்து பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் இந்த அரைத்தலைக் கண்டுதான்.

அந்த விளம்பரம் செல்லாமல் போனபின், சில பள்ளிகள் நீட் பயிற்சியைப் பலகையில் எழுதின. சில பள்ளிகள் பாரம்பரியத்தை எழுதுகின்றன. சரக்கு மாறியிருக்கிறது, கடை மாறவில்லை என்பது என் எண்ணம்.

பென்னாகரத்துக்காரி

இதுவரை எழுதியவர்கள் திண்ணையைப் பற்றிப் பேசும் வாஞ்சையைப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் திண்ணையில் என் பாட்டி உட்கார்ந்திருக்க முடியுமா? மன்றோவின் கணக்கெடுப்பிலேயே பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். சேரியிலிருந்து பிள்ளை வந்திருந்தால் திண்ணையில் ஏற்றியிருப்பார்களா? நன்னூல் பட்டியலில் முதல் மூவரும் மகன்களே என்பதையும் யாரும் சுட்டிக்காட்டவில்லை. பாலக்கோட்டுத் தாய் சேர்க்கப்போவது மகளை.

மரபு என்று சொல்லிக்கொண்டே கல்வியைச் சுருக்கிய கதையும் நம் பகுதியோடு தொடர்புடையதே. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள்தான். மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் பதவி விலகியபின் காமராஜர் அரசு 1954-இல் அதைக் கைவிட்டது. பாரம்பரியம் என்ற பெயரில் எது வந்தாலும், யார் உள்ளே, யார் வெளியே என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான். பதினான்காயிரம் ரூபாயும் ஒருவகைத் திண்ணைதான். ஏற முடியாதவர்கள் கீழே நிற்பார்கள்.

கிருஷ்ணகிரி மரபு ஆர்வலர்

அம்மணி, மன்றோவின் அதே கணக்கெடுப்பைக் காந்திய ஆய்வாளர் தரம்பால் 1983-இல் தொகுத்து வெளியிட்டார். நம் பகுதி அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்துப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சூத்திரர் என்றும் பிற சாதியினர் என்றும் குறிக்கப்பட்டவர்கள். ஏறத்தாழ 10 விழுக்காடு முஸ்லிம்கள். திண்ணைப் பள்ளி ஒரு சாதியின் சொத்தாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பென்னாகரத்துக்காரி

அந்த 70 விழுக்காட்டில் நிலம் வைத்திருந்த குடிகளும் அடக்கம், நிலத்தில் உழைத்தவர்களும் அடக்கம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. வேதபாடசாலையைவிடத் திண்ணை அகலமானது என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். பெண்களைப் பற்றிய கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பர்கூர் கூத்து ரசிகன்

சண்டைக்கு நடுவே ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். செவ்வியல் இலக்கியம் பெண்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்த ஓர் இடம் நம் இரு மாவட்டங்களிலும் இன்றும் இருக்கிறது. திரௌபதியம்மன் கோவில் பாரதத்தைச் சொல்கிறேன். பதினெட்டு நாட்களும் பிற்பகலில் பந்தலில் பாரதச் சொற்பொழிவு நடக்கும், இரவில் தெருக்கூத்து. கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் பேருருவத்தின் மேல் படுகளம் என்ற போர்முடிவுக் காட்சி, பிறகு தீமிதி. பலர் படுகளத்துக்கு மட்டும் வந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிற்பகலில்தான் பாடம் இருக்கிறது.

பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து ஒரு விருத்தத்தை எடுப்பார். பின்பாட்டுக்காரர் அதை இராகத்தோடு பாடுவார். பிறகு பிரசங்கியார் சொற்களைப் பிரித்து, பொருள் கூறி, நம் ஊர்ப் பங்காளிச் சண்டை ஒன்றோடு சேர்த்து விளக்கி, மீண்டும் அதே விருத்தத்தைப் பாடச் சொல்வார். அரூர் ஐயா சொன்ன ‘இருமுறை கேட்டல்’ அப்படியே நடக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத என் பெரியம்மா, சூதுபோர்ச் சருக்கம் வரும் நாளில் முன்வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பாடுபவர் மூன்றாம் அடியை முடிப்பதற்குள் நான்காம் அடி அவர் உதட்டில் வந்துவிடும். வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைகளுக்கு, துரியோதனன் தம்பி விகர்ணன் திரௌபதிக்காக ஏன் எழுந்து பேசினான் என்று வாதாடுவார்.

இதற்கும் பணம் உண்டு. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, போட்டு ஊரே வசூலிக்கிறது. பிரசங்கியாருக்கும் கூத்துக்குழுவுக்கும் பேசிய தொகை ஊர்க்காரர் முன்னிலையில் கொடுக்கப்படுகிறது. வரி கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையைப் பந்தலிலிருந்து யாரும் எழுப்புவதில்லை. பென்னாகரத்து அக்கா கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: சாதிப் பிணக்கு வந்து பாரதம் நின்றுபோன ஊர்களும் உண்டு. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

காவேரிப்பட்டினத்தார்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு ஊர்களின் அரசு அருங்காட்சியகங்களிலும் உள்ள நடுகற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் நாட்டு வீரன் எந்த ஊர் ஆநிரையை மீட்டு விழுந்தான் என்று வட்டெழுத்தில் பொறித்த கற்கள் இங்கே கிடக்கும்போது, பிள்ளைகள் அதியமானையும் ஔவையையும் நெல்லிக்கனிப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதியமானின் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுதும் கிடைக்காமல் சில பாடல்களாக மட்டும் மிஞ்சியிருப்பதையும் அந்தக் கல்லின் முன்னால் நின்று சொன்னால் மனத்தில் நிற்கும்.

பாலக்கோட்டுத் தாய்

எல்லாருக்கும் நன்றி. காவேரிப்பட்டினத்து ஐயா சொன்னபடி நேற்றுப் பள்ளிக்குச் சென்று கட்டண நிர்ணய ஆணையின் நகலைக் கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் தாளாளரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். ஊத்தங்கரை ஆசிரியையின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தத் திட்டத்தை நடத்தும் ஆசிரியர் யார், என்ன படித்தவர், அவரோடு பேச முடியுமா என்றும் கேட்டேன். “புதிய ஆசிரியர் ஜூனில்தான் வருவார்” என்றார்கள். இன்னும் நியமிக்காத ஆசிரியருக்கு இப்போதே கட்டணம் முடிவு செய்துவிட்டார்கள் என்பது புரிந்தது. நான் கிளம்பும்போது, “உங்களுக்கு மட்டும் அந்தத் தொகையை விட்டுக்கொடுக்கலாம், வெளியில் சொல்ல வேண்டாம்” என்றும் சொன்னார்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடியது என்றால் மற்றவர்களிடம் எதற்காக வாங்குகிறார்கள்?

இப்போதைக்கு மகளை எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேர்க்க முடிவு செய்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் பின்னாளில் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கும் என்று என் கணவர் சொல்கிறார். அது அவர் கணக்கு. ஆனால் பழைய இலக்கியம் கற்பிக்க ஆள் வேண்டும் என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது.

அரூர் தமிழாசிரியர் (ஓய்வு)

என் மகன் வீடு தருமபுரியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தங்குகிறேன். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை மூதுரை, நல்வழி, பிறகு புறநானூற்றில் அதியமானைப் பற்றிய பாடல்கள் என்று நடத்த முடியும். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். மாதம் 200 ரூபாய் வாங்குவேன். இலவசம் என்றால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள் என்பதை முப்பது ஆண்டு வேலையில் பார்த்துவிட்டேன்.

பென்னாகரத்துக்காரி

இருநூறு கொடுக்க முடியாத பிள்ளை வந்தால்?

அரூர் தமிழாசிரியர் (ஓய்வு)

நன்னூல் பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள் அம்மா; பொருள் கொடுப்பவன் அவர்களில் ஒருவன்தான். சொன்னதைப் பற்றிக்கொள்ளும் பிள்ளை வரட்டும். ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்று கேட்க மாட்டேன்.

கிருஷ்ணகிரி மரபு ஆர்வலர்

இரண்டு பிள்ளைகளுக்கான தொகையை நான் மாதந்தோறும் அனுப்பிவிடுகிறேன் ஐயா. யாருக்காக என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

பாலக்கோட்டுத் தாய்

ஐயா, என் மகளையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்து வருகிறேன். ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினால் பத்துக்குள் வந்துவிடலாம். என்ன நூல் வாங்கி வர வேண்டும், குறிப்பேடு மட்டும் போதுமா என்று தெரிவியுங்கள்.